மூளைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு டெக்ஸாமெத்தசோன்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் பக்கம்தான். அதனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் தலையில் கட்டி என்றால் ஸ்ரீசித்ராவுக்கோ அங்குள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ போவதுதான் வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். நர்ஸ் மலையாளத்தில் விளக்கியிருப்பார். சந்தேகம் மட்டும் வீடு வந்து சேர்ந்த பிறகு தமிழில் வரும். வந்ததும் நேராக மருந்துக்கடைக்குத்தான் வருகிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபரேஷன் செய்த டாக்டரின் வேலை. சீட்டைச் சரியாகப் படிக்கவும், எப்போது அவருக்குப் போன் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும்தான் இந்தப் பக்கம்.

கட்டியை எடுத்தாச்சுல்லா? பின்ன எதுக்கு ஸ்டீராய்டு?

மூளையின் ரத்தக்குழாய்கள் சாதாரணமாகக் கசியாதவை. கட்டியைச் சுற்றியுள்ள குழாய்களில் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். உள்ளிருக்கும் திரவம் கசிந்து பக்கத்து மூளைத் திசுவில் ஊறும். கட்டியை எடுத்ததும் அது உடனே வற்றிவிடாது. போதாக்குறைக்கு, ஆபரேஷனில் கை பட்ட இடமும் வீங்கும். பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் இந்த வீக்கம் உச்சத்தில் இருக்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால் வீக்கம் மூளையையே அழுத்தும். தலைவலி, வாந்தி, மயக்கம், கைகால் பலவீனம் எல்லாம் அதனால் வருவதுதான்.

டெக்ஸாமெத்தசோன் (சுருக்கமாக டெக்ஸா) என்ற இந்த ஸ்டீராய்டு அந்தக் கசிவை அடைக்கிறது. சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், ஒன்று முதல் மூன்று நாளில் ஆளிடம் மாற்றம் தெரியும். ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்திருப்பார்கள், அதைத்தான் இப்போது தொடர்கிறார்கள். மிச்சமிருக்கும் கட்டியைக் கரைப்பது இதன் வேலையல்ல.

டாக்டர் தலையில நீர்க்கெட்டுன்னு சொன்னாரு. அந்த நீரை ஊசி போட்டு எடுத்துட்டா தீராதா?

தீராது. இந்த நீர் ஓரிடத்தில் தேங்கி நிற்கவில்லை, திசுவுக்குள் ஊறிக் கிடக்கிறது. ஊசியால் உறிஞ்ச முடியாது. மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்குவது என்று வேறொரு நோய் உண்டு. அதற்குத்தான் குழாய் வைப்பார்கள். உங்கள் நோயாளிக்கு இரண்டுமே இருக்கலாம், அதனால் எது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது கொரோனாவுக்குக் குடுத்த மருந்துதானே? கறுப்புப் பூஞ்சை வருமோ?

அதே மருந்துதான். 2020 ஜூனில் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு தினம் 6 மி.கி. வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். மூளை வீக்கத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பது உண்டு.

2021-இல் கறுப்புப் பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டுக்கடங்காத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தன. சுகரைப் பிடித்து வைத்தால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். மூக்கடைப்போடு கன்னத்தில் வலியோ மரத்துப்போவதோ வந்தாலும், மூக்கிலிருந்து கறுப்பாக ஏதாவது வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்களுக்கு ஒரு நாளைக்கு 16 மி.கி. பக்கத்து பெட்டுக்காரருக்கு 4 தான். எங்க ஆளுக்கு நோவு அவ்வளவு முத்திப்போச்சா?

அப்படிக் கணக்குப் போட வேண்டாம். 1961-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர்கள் மூளைக் கட்டி வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். முதலில் 10 மி.கி., அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி. என்பது அவர்கள் முறை. 16 என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது. பல அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்து எடுத்த முடிவல்ல, பலன் தந்ததால் நிலைத்துவிட்டது.

1994-இல் நெதர்லாந்தில் 4, 8, 16 மி.கி. அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடலின் வேறிடத்திலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களிடம் செய்த ஆய்வு அது. ஒரு வாரத்தில் 4 மி.கி. வாங்கியவர்களும் 16 வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். பக்கவிளைவுதான் 16-இல் கூடுதல். ஆனால் மூளை ஆபத்தான அளவுக்கு அழுத்தப்பட்டிருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் தொந்தரவு குறைவாக இருந்தால் 4 முதல் 8, அழுத்தம் கடுமையாக இருந்தால் 16 என்று தொடங்குவது இன்றைய பழக்கம். கட்டி இருக்கும் இடம், ஸ்கேனில் தெரியும் வீக்கம், ஆளின் நிலை எல்லாம் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கும்.

எண் சின்னது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டெக்ஸா 0.75 மி.கி. என்பது பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு 5 மி.கி.க்குச் சமம். அப்படிப் பார்த்தால் 16 மி.கி. டெக்ஸா, 100 மி.கி.க்கு மேல் பிரெட்னிசலோன்.

சீட்டுல 4-4-4ன்னு எழுதியிருக்கு. ஒரு நேரத்துக்கு நாலு மாத்திரையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மற்ற மருந்துகளுக்கு 1-0-1 என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை எண்ணிக்கையைச் சொல்லும். ஸ்டீராய்டு வரியில் மட்டும் பல டாக்டர்கள் மில்லிகிராமை எழுதிவிடுகிறார்கள். ஒரே சீட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது.

இதோடு இன்னொரு சிக்கல். டெக்ஸாமெத்தசோன் மாத்திரை 0.5 மி.கி.யிலும் உண்டு, 4 மி.கி.யிலும் உண்டு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் 4 மி.கி. அட்டை கொடுத்திருப்பார்கள். அது தீர்ந்ததும் ஊர்க் கடையில் கிடைப்பது பல நேரம் 0.5 தான். ஒரு அம்மா இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் போட்டு, "ரெண்டும் டெக்ஸாதானே, எது எடுத்தா என்ன?" என்று கேட்டார். 4 மி.கி. வேண்டுமானால் 0.5 மாத்திரை எட்டு போட வேண்டும். சின்ன மாத்திரையில் ஒன்று மட்டும் போட்டால் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே போகும். திடீரென்று மருந்தை நிறுத்தியதற்குக் கிட்டத்தட்டச் சமம் அது. மாறாக, 4 மி.கி. மாத்திரையில் நான்கு போட்டால் ஒரு நாள் மருந்தைவிடக் கூடுதலாக ஒரே வேளையில் போய்விடும்.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேளுங்கள்: இது மி.கி.யா, மாத்திரை எண்ணிக்கையா? கடையில் அட்டை வாங்கியதும் பின்பக்கத்தில் 0.5 என்றா 4 என்றா அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். புள்ளி சின்னதாக இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். பிறகு ஒரு காலண்டர் தாளில் தேதிவாரியாக எத்தனை மாத்திரை என்று தமிழில் எழுதி, போட்டதை அடித்துக்கொண்டே வாருங்கள். கேட்டால் எந்தக் கடைக்காரரும் எழுதித் தருவார்.

சாப்பிட்டுட்டுதான் போடணுமா? கேஸ் மாத்திரை எதுக்கு?

சாப்பிட்ட பிறகு போடுங்கள், வயிற்றெரிச்சல் குறையும். கூடவே எழுதியிருக்கும் பான்டபிரசோல் மாதிரி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். "கேஸ் இல்லையே" என்று அதை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

மூட்டு வலி, இடுப்பு வலிக்கென்று வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வகைகளை இதோடு சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றே ஆஸ்பத்திரி.

ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடக்காரு. ரெண்டு மணிக்கு எழும்பி பழங்கஞ்சி கேக்காரு. சின்னதுக்கெல்லாம் கோவம்.

மூன்றுமே இந்த மருந்தின் வேலை. டெக்ஸா உடம்பில் ஒன்றரை நாள், இரண்டு நாள் வரை வேலை செய்யக்கூடியது. அதனால் ஆஸ்பத்திரி நாட்கள் கழிந்ததும் பெரும்பாலும் இரண்டு வேளையாகப் பிரித்தால் போதும். காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கும் அதிலேயே தூக்கம் திரும்பிவிடுகிறது.

கோபத்தை வீட்டார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அளவு குறையக் குறைய அதுவும் குறையும். ஆனால் இல்லாத ஆள் தெரிவது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்பது, நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பது என்று போனால் அது கோபமல்ல. உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

விடாம விக்கல் வருது. இதுவும் மருந்தாலயா?

இருக்கலாம். டெக்ஸா விக்கலைக் கிளப்பும், ஆண்களிடம் அதிகம் பார்த்திருக்கிறேன். சாப்பிட முடியாத அளவுக்குப் போனால் டாக்டர் அதற்கு மருந்து தருவார்.

சுகரே இல்லாத மனுஷி. இப்ப 300 காட்டுது. இது நிரந்தரமா தங்கிடுமா?

பலருக்கு ஸ்டீராய்டு குறைந்ததும் இறங்கிவிடும். முன்பே சுகர் எல்லையில் இருந்தவர்களுக்குத் தங்கிவிடுவதும் உண்டு. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. காலையில் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சுகர் ஏறுவது மதியத்துக்கு மேல். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து நார்மல் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள்.

நம்மூர்ச் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் கிழங்கு முழுக்க மாவுச்சத்து. பழுத்த நேந்திரமும் அப்படியே. மீனைக் கூட்டுங்கள், கிழங்கைக் குறையுங்கள். பசி பிடுங்கும்போது அவியல், பயறு, முட்டை மாதிரி ஏதாவது கையில் வைத்திருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெக்ஸா இறங்கும்போது இன்சுலினும் இறங்க வேண்டும். சீட்டில் ஸ்டீராய்டுக்கு மட்டும் குறைப்பு எழுதி, இன்சுலின் பழைய அளவிலேயே நின்றால் சுகர் தடாலென்று விழும். எந்த நாள் எவ்வளவு என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

முகம் உப்பிப்போச்சு. தாழ்ந்த நாற்காலியில இருந்து கைய ஊணாம எழும்ப முடியல்ல. கட்டி திரும்ப வந்துட்டா?

முகம் உருண்டையாவது ஸ்டீராய்டால். உப்பைக் குறைத்தால் கொஞ்சம் ஆறுதல், மருந்து நின்றபின் மெதுவாக வடியும். எழும்ப முடியாததும் பெரும்பாலும் இதனால்தான். தொடை, இடுப்புத் தசைகளைத்தான் இது முதலில் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், படியேறுவதும் கக்கூஸில் இருந்து எழுவதும் கஷ்டமாகும். அளவு குறைந்து சில வாரம், சில மாதங்களில் தேறும். படுத்தே கிடந்தால் இன்னும் மோசமாகும், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை விடக் கூடாது.

ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் தளர்ந்தால் அது வேறு, மூளைப் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். மூளைக் கட்டிக்காரர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அதைத் தேய்த்து விடாதீர்கள், தைலமும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்டீராய்டு கெடுதல்னு எல்லாரும் சொன்னாங்க. ஆளும் நல்லா இருக்காரு. அதனால நிறுத்திட்டோம்.

எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. நம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. அந்த ஒரு நாள் சுரப்புக்கு ஈடாக டெக்ஸா 0.5 முதல் 0.75 மி.கி. இருந்தாலே போதும். நாம் கொடுப்பதோ அதைப்போல் பல மடங்கு. வெளியிலிருந்தே இவ்வளவு வரும்போது சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பில் இரண்டு ஸ்டீராய்டும் இருக்காது.

ஒரு வாரம் மட்டும் போட்டவர்களுக்குப் பொதுவாகச் சீக்கிரமே நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டினால் படிப்படியாக இறக்கித்தான் நிறுத்த வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை குறைப்பார்கள். அளவு சின்னதாகும்போது இன்னும் மெதுவாகப் போவார்கள், ஏனென்றால் சுரப்பி விழிக்க வேண்டிய இடம் அதுதான். கடைசியில் வரும் அந்தச் சின்ன மாத்திரைகளைத்தான் ஜனங்கள் "இதுல என்ன இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

திடீரென்று நிறுத்தியவருக்கு உடல் அடித்துப்போட்டது போல் அசதி, வாந்தி, வயிற்றுவலி, எழுந்தால் தலைசுற்றல், பிரஷர் இறங்குதல், குழப்பம் என்று வந்தால் தாமதிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள். திருவனந்தபுரம் போய்ப் பார்க்கலாம் என்று வண்டி பேசிக்கொண்டிருக்க வேண்டாம். "ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார், நிறுத்திவிட்டோம்" என்ற வார்த்தையை அங்கே முதலில் சொல்லுங்கள். ஊசி போட அவர்களுக்கு அது போதும்.

ஸ்டீராய்டு கெடுதல் என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. நீண்ட நாள் போனால் கெடுதல்தான். அதனால்தான் டாக்டரே குறைக்கும் கணக்கை எழுதித் தருகிறார். உங்கள் சீட்டில் "தொடரவும்" என்று மட்டும் இருந்து குறைக்கும் தேதி இல்லையென்றால், அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

குறைச்சுக்கிட்டு வரும்போது தலைவலி திரும்ப வந்துட்டு. பழைய அளவுக்கே போயிரலாமா?

நீங்களாகப் போக வேண்டாம், அன்றே போன் போடுங்கள். வீக்கம் திரும்பியிருக்கலாம். அப்படியானால் ஒரு படி மேலே ஏற்றி, இன்னும் மெதுவாக இறக்கச் சொல்வார்கள். தலைவலி பெரிதாக இல்லாமல் உடம்பு முழுக்க மூட்டும் தசையும் வலித்தால், உடம்பு குறைந்த அளவுக்குப் பழகுகிற வலியாக இருக்கலாம். காய்ச்சல், கழுத்து விறைப்பு என்றால் தொற்றாக இருக்கலாம். இந்த மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

காலையில் கூடும் தலைவலி, வாந்தி, கூப்பிட்டால் சரியாக விழிக்காமை, ஃபிட்ஸ், புதிதாகக் கைகால் தளர்வு, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் போன் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

ஒரு நேரம் மறந்துபோச்சு. இல்லேன்னா போட்ட உடனே வாந்தி. இல்லேன்னா ஹர்த்தால், மாத்திரை தீந்துபோச்சு.

மறந்தது அன்றே ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்ததென்றால் அன்றைய அளவை மட்டும், இரட்டிப்பு வேண்டாம். போட்ட அரை மணிக்குள் வாந்தி என்றால் டாக்டரைக் கேட்டு மறுபடி போடுங்கள். வாந்தி நிற்கவே இல்லையென்றால் மாத்திரை உள்ளே தங்காது, ஊசியாகப் போட வேண்டியிருக்கும். அன்றே ஆஸ்பத்திரி. விரதம், நோன்பு இருப்பவர்களும் மாத்திரையை விடக் கூடாது.

கேரள டாக்டர் எழுதிய சீட்டுக்கு இங்கே மருந்து தரலாம். அட்டையில் ஒரு வார மாத்திரை மிச்சமிருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். சீட்டு இல்லாமல் "போன மாசம் வாங்கினதுதான்" என்றால் கொடுக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

மிச்ச மாத்திரை இருக்கு. தம்பி பைக்கில இருந்து விழுந்து தலையில அடி. அவனுக்கும் வீக்கம்தானே?

கொடுக்கவே கூடாது. முதல் பதிலில் சொன்ன கசிவு வீக்கத்துக்குத்தான் இது பலன் தரும். அடிபட்ட மூளையின் கணக்கு வேறு. 10,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்து 2004-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வில், தலையில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஸ்டீராய்டைக் கொடுத்தபோது இறப்பு கூடியது. பக்கவாதத்துக்கும் இது மருந்தல்ல.

காய்ச்சல் இல்ல, ஆனா தையல் பக்கம் ஈரமா இருக்கு. பாத்துக்கலாம்தானே?

ஸ்டீராய்டு போடுகிறவருக்குக் காய்ச்சல் வராமலே தொற்று இருக்கலாம், மருந்து அதை மறைத்துவிடும். தையலில் ஈரம், சிவப்பு, சீழ், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் எதுவானாலும் அன்றே காட்டுங்கள். வாயில் வெள்ளைப்படலம் வருவது பூஞ்சை, எளிதில் சரியாகும். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் நோயாளியைத் தள்ளி வையுங்கள், டாக்டருக்கும் சொல்லுங்கள்.

முன்பு டிபி வந்திருந்தாலோ மஞ்சள் காமாலை பி இருந்தாலோ மறைக்காதீர்கள், ஸ்டீராய்டு அவற்றைக் கிளப்பிவிடும். ரப்பர் தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலோடு வேலை செய்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து கால் வழியாக ஏறும் ஒரு குடல் புழு, வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஸ்டீராய்டு கொடுத்ததும் உடம்பெங்கும் பரவக்கூடியது. சந்தேகம் இருந்தால் அதற்கு ஒரு பரிசோதனையும் மாத்திரையும் உண்டு.

ஃபிட்ஸ் மாத்திரையும் சேர்த்துப் போடலாமா? ஆயுர்வேதக் கஷாயம்?

எப்டாயின் என்று விற்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் டெக்ஸாவை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். லெவிடிராசிட்டம் அப்படிச் செய்யாது. ஃபிட்ஸ் மாத்திரையை மாற்றினால் ஸ்டீராய்டு எழுதியவருக்கும் தெரிய வேண்டும்.

குந்திரிக்கம் இனத்து மரப்பிசினை ஆயுர்வேதத்தில் ஷல்லகி என்பார்கள். ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த 44 பேரிடம் ஜெர்மனியில் அதைக் கொடுத்துப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள், வீக்கம் குறைந்தது. அவ்வளவுதான் ஆதாரம். டெக்ஸாவை விட்டுவிட்டு அதைப் பிடிக்கும் அளவுக்கு அது போதாது. அதிமதுரம் சேர்ந்த கஷாயம் பொட்டாசியத்தைக் குறைத்துப் பிரஷரை ஏற்றும், இந்த நாட்களில் வேண்டாம். லேபிள் இல்லாத சூரணம் எதையும் தொடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டையே கலந்து விற்கிறார்கள்.

பிட்யூட்டரி கட்டின்னாங்க. வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டுன்னு எழுதியிருக்கு. தப்பா எழுதிட்டாங்களா?

தப்பாக இருக்காது. அட்ரினல் சுரப்பிக்கு ஆணை கொடுப்பதே மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான். அது சேதப்பட்டால் கார்டிசால் சுரக்காது, அதை ஹைட்ரோகார்டிசோன் மாதிரி சின்ன அளவில் ஈடுகட்டுகிறார்கள். மேலே சொன்ன "குறைத்து நிறுத்து" கதை இவர்களுக்குப் பொருந்தாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டச் சொல்லியிருப்பார்கள், அந்தக் காகிதத்தைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.

இன்னொருத்தருக்கு பயாப்சிக்கு முன்னால ஸ்டீராய்டு குடுக்கவே இல்ல. கவனிக்காம விட்டுட்டாங்களா?

லிம்ஃபோமா என்ற வகைக் கட்டி என்று சந்தேகம் இருந்திருக்கலாம். அந்த ஒரு வகைக் கட்டி மட்டும் ஸ்டீராய்டு பட்டதும் சுருங்கி, பயாப்சியில் (துண்டெடுத்துச் சோதிப்பதில்) பிடிபடாமல் போய்விடலாம். உயிருக்கு அவசரம் இல்லையென்றால் பயாப்சி முடியும்வரை வேண்டுமென்றே தள்ளிப்போடுவார்கள்.

ஆர்.சி.சி.யில (திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரி) ரேடியேஷன் தொடங்கினதும் திரும்பவும் டெக்ஸா, கூட வாரத்துல மூணு நாள் ஒரு ஆன்டிபயாடிக். காய்ச்சலே இல்லையே?

ரேடியேஷனும் வீக்கத்தைக் கிளப்பும், அதனால் கொஞ்ச நாள் திரும்பி வருவது சகஜம். அந்த ஆன்டிபயாடிக் கோ-டிரைமாக்சசோல் என்ற சல்ஃபா வகை மருந்தாக இருக்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டும் டெமொசோலமைடு கீமோவும் சேரும்போது ஒரு வகை நிமோனியா வரலாம், அது வராமல் தடுக்கத்தான். சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லுங்கள். இரண்டாம் சுற்று ஸ்டீராய்டுக்கும் குறைக்கும் தேதியை மறக்காமல் எழுதி வாங்குங்கள், காலண்டர் தாளையும் புதிதாக எழுதுங்கள். பழைய தாள் சுவரில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.